விதிவிலக்குகளை எழுப்புதலும் கையாளுதலும்

மாணவர்களே, செய்நிரல்களில் ஏற்படும் வழுக்கள் மூன்று வகைப்படும் என முன்னர் கற்றுள்ளீர்கள். மொழியின் இலக்கணத்தை மீறி எழுதுவதால் உண்டாவது தொடரியல் வழு. இலக்கணம் சரியாக இருந்தும் தவறான விடையைத் தருவது தருக்க வழு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது இயக்கநேர வழு. செய்நிரல் சரியாக எழுதப்பட்டிருக்கும். தொகுப்பானும் குறை கூறாது. பத்துத் தடவை இயக்கினாலும் சரியான விடையே கிடைக்கும். பதினோராவது தடவை பயனர் ஒரு பூச்சியத்தை உள்ளிடுவார், அல்லது இலக்கத்துக்குப் பதிலாக எழுத்தொன்றைத் தட்டுவார். செய்நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இவ்வலகில் நாம் நோக்கப்போவது இந்த மூன்றாம் வகையையே.

பஸ்கால் மொழியில் பழகிய மாணவர்கள் இதனை நிச்சயம் கண்டிருப்பீர்கள். முழுவெண் மாறியொன்றுக்குப் பெறுமானம் கேட்கும்போது எழுத்துகளைத் தட்டினால், ஃபிறீ பஸ்கால் “இயக்கநேர வழு 106” என்னும் கருத்துடைய ஆங்கிலச் செய்தியைத் திரையில் இட்டுவிட்டு நின்றுவிடும். பூச்சியத்தால் வகுத்தால் இலக்கம் 200. இல்லாத கோப்பொன்றைத் திறக்க முயன்றால் இலக்கம் 2. இவ்விலக்கங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை அவதானியுங்கள்: கணினி வெறுமனே “பிழை” என்று கூறவில்லை, என்ன வகையான பிழை என்பதையும் கூறுகின்றது. விதிவிலக்கு என்னும் எண்ணக்கருவின் வேர் இங்கேதான் உள்ளது.

விதிவிலக்கு என்பது யாது? செய்நிரல் இயங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு கூற்றினால் தனது வேலையைச் செய்து முடிக்க இயலாத நிலை தோன்றினால், வழமையான ஒழுங்கை இடைநிறுத்தி அந்நிலையை அறிவிக்கும் சமிக்ஞையே விதிவிலக்கு ஆகும். அச்சமிக்ஞையை வெளியிடுதல் “எழுப்புதல்” எனவும், அதனைப் பெற்று உரிய நடவடிக்கை எடுத்தல் “கையாளுதல்” எனவும் கூறப்படும். எவரும் கையாளாவிடின் செய்நிரல் முடிவுறும்.

பைதன் மொழியை உதாரணமாகக் கொண்டு இதனை விளக்குவோம். பைதனில் ஒவ்வொரு வகை விதிவிலக்குக்கும் ஒரு பெயர் உண்டு. பூச்சியத்தால் வகுத்தால் எழுவது சீறோ டிவிஷன் எறர். “எட்டு” என்ற சொல்லை முழுவெண்ணாக மாற்ற முயன்றால் எழுவது வலியூ எறர். ஐந்து உறுப்புகள் கொண்ட பட்டியலில் பத்தாவது உறுப்பைக் கேட்டால் இன்டெக்ஸ் எறர். வாசிக்க வேண்டிய கோப்பு இல்லையெனில் பைல் நொட் பவுண்ட் எறர். இந்நூலில் இவற்றை முறையே பூச்சியவகுத்தல்வழு, பெறுமானவழு, சுட்டிவழு, கோப்பில்லாவழு எனத் தமிழ்ப் போலிக்குறியில் எழுதுவோம். அவ்வாறே ட்ரை என்னும் ஒதுக்கப்பட்ட சொல்லை “முயல்க” எனவும், எக்செப்ட் என்பதை “பிடிக்க” எனவும், றெய்ஸ் என்பதை “எழுப்புக” எனவும், பைனலி என்பதை “இறுதியில்” எனவும் குறிப்போம். கணினியில் இயக்கும்போது மூல ஆங்கிலச் சொற்களையே பயன்படுத்த வேண்டும்.

வகுப்பொன்றின் சராசரிப் புள்ளியைக் கணிக்கும் செய்நிரல் வருமாறு:

1  முயல்க:
2      தொகை = முழுவெண்(உள்ளீடு("மொத்தப் புள்ளி: "))
3      பேர் = முழுவெண்(உள்ளீடு("மாணவர் எண்ணிக்கை: "))
4      சராசரி = தொகை / பேர்
5      அச்சிடு(சராசரி)
6  பிடிக்க பெறுமானவழு:
7      அச்சிடு("இலக்கங்களை மட்டும் இடுக")
8  பிடிக்க பூச்சியவகுத்தல்வழு:
9      அச்சிடு("மாணவர் எண்ணிக்கை பூச்சியமாக இருக்கலாகாது")
10 அச்சிடு("முற்றிற்று")

640, 8 ஆகியன உள்ளிடப்பட்டால் 2, 3, 4, 5 ஆகிய வரிகள் நிறைவேறும். விதிவிலக்கு எதுவும் எழாததால் 6 முதல் 9 வரையான வரிகள் தவிர்க்கப்பட்டு வரி 10 நிறைவேறும். வருவிளைவு 80.0, அதன்பின் முற்றிற்று.

இப்பொழுது 640, 0 ஆகியவற்றை உள்ளிடுவோம். வரிகள் 2, 3 நிறைவேறும். வரி 4 இல் வகுத்தல் இயலாது, பூச்சியவகுத்தல்வழு எழும். அக்கணமே கட்டுப்பாடு முயல்க தொகுதியை விட்டு வெளியேறுகின்றது. வரி 5 நிறைவேறாது. பிடிக்கப் பகுதிகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக ஒப்பிடப்படும். வரி 6 பொருந்தாது; வரி 8 பொருந்தும். எனவே வரி 9, அதன்பின் வரி 10.

640, எட்டு என உள்ளிட்டால் வரி 3 இலேயே பெறுமானவழு எழுந்து வரி 7 இற்குச் செல்லும். மொத்தப் புள்ளியையே “அறுநூறு” என எழுத்தில் தட்டினால் மாணவர் எண்ணிக்கை கேட்கப்படவே மாட்டாது. இங்கேதான் மாணவர்கள் அதிகம் தவறு செய்கின்றனர். வரி 7 ஐ நிறைவேற்றிய பின் செய்நிரல் விட்ட இடத்துக்குத் திரும்பிச் சென்று வரி 3 ஐத் தொடரும் எனச் சிலர் எழுதுவர். அது தவறு. முயல்க தொகுதியில் எஞ்சிய வரிகள் கைவிடப்பட்டவையே; மீண்டும் கேட்க வேண்டுமாயின் முழுத் தொகுதியையும் மீள்செயலொன்றினுள் நாமே அமைக்க வேண்டும்.

இடையே ஒரு செய்தி. 86 என்பதை 86.5 எனத் தசமமாக இட்டால் பைதனின் முழுவெண் சார்பு அதனை ஏற்காது, பெறுமானவழுவை எழுப்பும். ஆனால் ௮௬ எனத் தமிழ் இலக்கங்களில் இட்டால் பைதன் 3 அதனை 86 என ஏற்றுக்கொள்ளும்! எது வழு, எது வழுவன்று என்பதை நமது ஊகத்தால் தீர்மானிக்காது, இயக்கிப் பார்த்து அறிந்துகொள்ளுங்கள்.

பெயர் குறிப்பிடாமல் எல்லா விதிவிலக்குகளையும் ஒரே “பிடிக்க” பகுதியால் பிடிக்கவும் பைதன் இடமளிக்கின்றது. எழுதுவதற்கு இலகு என்பதால் பலரும் இதனையே விரும்புவர். எனது வகுப்பிலும் ஒரு தவணைப் பரீட்சையின் பின் இவ்வாறு நிகழ்ந்தது. புள்ளிப் பட்டியலைக் கூட்டிச் சராசரி காணும் செய்நிரலொன்றை மாணவர் ஒருவர் எழுதி வந்தார். இடையில் நின்றுவிடக்கூடாது என்பதற்காக, எந்த விதிவிலக்கு எழுந்தாலும் பிடித்து ஒன்றுமே செய்யாமல் அடுத்த பெயருக்குச் செல்லுமாறு அமைத்திருந்தார். செய்நிரல் அழகாக இயங்கி முடிந்தது. பட்டியலில் ஒரு மாணவியின் 70 என்னும் புள்ளியில் பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்து “ஓ” தட்டப்பட்டிருந்தது. அவரது பெயர் நிலைப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. அவர் வந்து கேட்டிராவிட்டால் எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். செய்நிரல் வழுவுடன் நின்றிருந்தால் ஐந்து நிமிடத்தில் திருத்தியிருக்கலாம். அவர் கையாண்டது விதிவிலக்கை அன்று; அதன் சத்தத்தை மட்டும் நிறுத்தினார்.

இனி எழுப்புதலை நோக்குவோம். மேலே கண்டவை யாவும் மொழியே எழுப்பிய விதிவிலக்குகள். ஆனால் மொழிக்குத் தெரியாத விதிகள் உள்ளன. 860 என்பது மிகச் சரியான முழுவெண். அதனைப் பைதன் மறுக்காது. பரீட்சைப் புள்ளி 100 ஐத் தாண்டலாகாது என்பது நமக்கு மட்டுமே தெரிந்த விதி. அவ்விதி மீறப்படும்போது சமிக்ஞையை நாமே வெளியிட வேண்டும்.

சார்பு புள்ளிபெறு(எழுத்து):
    ப = முழுவெண்(எழுத்து)
    ப < 0 அல்லது ப > 100 எனின்:
        எழுப்புக பெறுமானவழு("புள்ளி 0 இற்கும் 100 இற்கும் இடையில் இருத்தல் வேண்டும்")
    திருப்புக ப

“860” என்பதை இச்சார்புக்கு அனுப்பினால் எழுப்புக கூற்று நிறைவேறும். அதன்பின் சார்பு எப்பெறுமானத்தையும் திருப்பாது. திருப்புக கூற்றை அடையவும் மாட்டாது. “எண்பது” என அனுப்பினால் முழுவெண்ணாக மாற்றும் வரியிலேயே மொழி தானாகப் பெறுமானவழுவை எழுப்பிவிடும். அழைப்பவருக்கு இரண்டும் ஒரே வகை விதிவிலக்காகவே வந்து சேரும். ஆகையால் ஒரே பிடிக்கப் பகுதி போதுமானது:

மெய் ஆக உள்ளவரை:
    முயல்க:
        ம = புள்ளிபெறு(உள்ளீடு("புள்ளி: "))
        மீள்செயலை முறிக்க
    பிடிக்க பெறுமானவழு, செய்தி எனக் கொண்டு:
        அச்சிடு(செய்தி)

சரியான புள்ளி கிடைக்கும் வரை இது மீண்டும் மீண்டும் கேட்கும். எழுப்பும்போது நாம் எழுதிய வாக்கியம் “செய்தி” என்னும் மாறியினூடாகப் பயனரைச் சென்றடைவதையும் கவனிக்க.

புள்ளிபெறு என்னும் சார்புக்குள்ளேயே வழுச்செய்தியை அச்சிட்டுவிடலாமே, ஏன் எழுப்ப வேண்டும் என நீங்கள் கேட்கலாம். நல்ல வினா. அச்சார்பு புள்ளி தவறு என்பதை மட்டுமே அறியும். அதற்கு என்ன செய்வது என்பதை அது அறியாது. விசைப்பலகையில் இருந்து வந்ததாயின் மீண்டும் கேட்கலாம்; கோப்பொன்றில் இருந்து வந்ததாயின் கேட்பதற்கு எதிரில் ஆள் இல்லை, வரி எண்ணைக் குறித்துவைத்து ஆசிரியருக்கு அறிவிக்க வேண்டும். வழுவைக் கண்டறியும் இடமும் அதற்குத் தீர்வு காணும் இடமும் வேறு வேறாக இருப்பதனாலேயே எழுப்புதல், கையாளுதல் என இரண்டு கருவிகள் தேவைப்படுகின்றன.

இவ்விரு இடங்களுக்கும் இடையே பல சார்புகள் இருக்கலாம். முதன்மைச் செய்நிரல் வகுப்புச்சராசரி என்னும் சார்பை அழைக்கின்றது, அது புள்ளிபெறு என்னும் சார்பை அழைக்கின்றது எனக் கொள்வோம். புள்ளிபெறு எழுப்பிய விதிவிலக்கு முதலில் அதனுள்ளேயே உரிய பிடிக்கப் பகுதி உண்டா எனத் தேடும். இல்லையெனில் அழைத்த சார்பான வகுப்புச்சராசரிக்குச் செல்லும். அங்கும் இல்லையெனில் முதன்மைச் செய்நிரலுக்கு. அங்கும் இல்லையெனில் செய்நிரல் நின்றுவிடும். வழு எந்த வரியில் தோன்றி எந்தெந்தச் சார்புகளினூடாக வந்தது என்னும் விபரம் திரையில் காட்டப்படும். அவ்விபரத்தின் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். வழுவின் பெயர் அங்குதான் இருக்கும்.

இத்தகைய வசதி இல்லாத முறையையும் அறிந்திருத்தல் நன்று. ஃபிறீ பஸ்காலில் உள்ளீடு, வெளியீடு பற்றிய தானியங்கிச் சோதனையை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வாசிப்பின் பின்னரும் ஐஓ றிசல்ட் என்னும் சார்பைக் கேட்டுப் பார்க்கலாம். 0 எனின் வெற்றி. வேறு எண் எனின் வழு. இது பிழையான முறையன்று. ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். ஒரு தடவை மறந்தால் வழு கண்ணில் படாது போய்விடும். விதிவிலக்கோ கவனிக்காது விட்டவரைச் செய்நிரலை நிறுத்தியாவது கவனிக்கச் செய்யும்.

“இறுதியில்” என்னும் பகுதி, விதிவிலக்கு எழுந்தாலும் எழாவிட்டாலும், பிடிக்கப்பட்டாலும் பிடிக்கப்படாவிட்டாலும் நிறைவேறும். திறந்த கோப்பை மூடுவது போன்ற வேலைகளை இங்கே எழுதுவது வழக்கம்.

கையாளும் முறையைச் சரியாகத் தீர்மானிக்காவிடின் என்ன நேரும் என்பதற்கு 1996 யூன் 4 ஆந் திகதி நிகழ்ந்த சம்பவம் ஒன்றே போதும். அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூறூ தளத்தில் இருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ஏவூர்தி முதன்முதலாக ஏவப்பட்டது. ஏறத்தாழ 37 செக்கன்களில் அதன் வழிகாட்டும் தொகுதி செயலிழந்தது. ஏவூர்தி திடீரெனத் திசைமாறி, உடையத் தொடங்கி, தன்னைத்தானே அழித்துக்கொண்டது. அது சுமந்து சென்ற கிளஸ்ரர் ஆய்வுத் திட்டத்தின் நான்கு செய்மதிகளும் அழிந்தன.

விசாரணைக் குழு கண்டறிந்த காரணம் ஒரு விதிவிலக்கு. அடா மொழியில் எழுதப்பட்ட மென்பொருளில், கிடைத்திசை வேகத்துடன் தொடர்புடைய 64 பிற்று மிதவைப்புள்ளி எண்ணொன்று 16 பிற்று முழுவெண்ணாக மாற்றப்பட்டது. 16 பிற்றுகளில் குறியுடன் -32768 முதல் 32767 வரையான முழுவெண்களையே வைக்கலாம். வந்த எண் அதனிலும் பெரிது. விதிவிலக்கு எழுந்தது. அதனைப் பிடிக்க அவ்விடத்தில் எவ்வித ஏற்பாடும் இருக்கவில்லை.

ஏன் இருக்கவில்லை? இது கவனயீனத்தால் நிகழ்ந்ததன்று. இவ்வாறு ஆபத்துக்குரிய ஏழு மாறிகள் இனங்காணப்பட்டு, நான்குக்குப் பாதுகாப்பு இடப்பட்டிருந்தது. கணினியின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதற்காக எஞ்சிய மூன்றும் விடப்பட்டன. முந்திய ஏரியன் 4 இன் பறப்பில் அவ்வெண் அவ்வளவு பெரிதாக வரமுடியாது என்பது உண்மையே. அதே மென்பொருள் ஏரியன் 5 இலும் பயன்படுத்தப்பட்டது. புதிய ஏவூர்தியின் கிடைத்திசை வேகமோ மிக அதிகம். அதைவிட வேதனை யாதெனில், அந்தக் கணிப்பு ஏரியன் 5 புறப்பட்ட பின் எதற்குமே தேவைப்படாத ஒன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிடிக்கப்படாத விதிவிலக்கு எழுந்தால், வழு விபரத்தை அனுப்பிவிட்டுக் கணினியை நிறுத்துக என்பதே தொகுதியின் பொதுவான விதியாக இருந்தது. ஒரு கணினி பழுதடைந்தால் மற்றது பொறுப்பேற்கும் என்று எண்ணி இரண்டு கணினிகளை வைத்திருந்தனர். இரண்டிலும் ஒரே மென்பொருள். ஆகையால் இரண்டும் ஒரே காரணத்தால் கணப்பொழுதில் அடுத்தடுத்து நின்றன. அனுப்பப்பட்ட வழு விபரத்தை முதன்மைக் கணினி பறப்புத் தரவு எனக் கருதி, இல்லாத ஒரு திசை விலகலைத் திருத்த முற்பட்டது. எழுப்புதல் இங்கே சரியாகவே நிகழ்ந்தது. எழுந்த பின் என்ன செய்வது என்னும் தீர்மானமே தவறியது. பின்னர் திருத்தப்பட்ட ஏரியன் 5 நெடுங்காலம் சேவையில் இருந்து, 2023 யூலையில் தனது இறுதிப் பறப்பை மேற்கொண்டது.

இனிப் பயிற்சி வினா ஒன்றைச் செய்து பார்ப்போம். விடையைப் பார்ப்பதற்கு முன் தாளில் நீங்களே எழுதுக.

வினா: பின்வரும் செய்நிரலின் வருவிளைவைத் தருக.

1  சார்பு பங்கிடு(தொகை, பேர்):
2      பேர் < 0 எனின்:
3          எழுப்புக பெறுமானவழு("மறைப் பெறுமானம்")
4      திருப்புக தொகை / பேர்
5  [4, 0, -2, 5] இல் உள்ள ஒவ்வொரு எ இற்கும்:
6      முயல்க:
7          அச்சிடு(பங்கிடு(100, எ))
8      பிடிக்க பூச்சியவகுத்தல்வழு:
9          அச்சிடு("பங்கிட இயலாது")
10     இறுதியில்:
11         அச்சிடு("*")

விடை: எ = 4 ஆகும்போது 25.0 அச்சிடப்பட்டு, இறுதியில் பகுதியால் * அச்சிடப்படும். எ = 0 ஆகும்போது வரி 2 இன் நிபந்தனை பொய்; வரி 4 இல் மொழியே விதிவிலக்கை எழுப்பும். பங்கிடு சார்பினுள் பிடிக்கப் பகுதி இல்லாததால் அது வரி 7 இற்கு வந்து, வரி 8 இல் பிடிக்கப்படும். பங்கிட இயலாது, அதன்பின் *. எ = -2 ஆகும்போது வரி 3 பெறுமானவழுவை எழுப்பும். வரி 8 பூச்சியவகுத்தல்வழுவை மட்டுமே பிடிக்கும். எனவே இது பிடிபடாது. ஆயினும் செய்நிரல் நிற்பதற்கு முன் இறுதியில் பகுதி நிறைவேறி இன்னொரு * அச்சிடப்படும். அதன்பின் “மறைப் பெறுமானம்” என்னும் செய்தியுடன் செய்நிரல் முடிவுறும். 5 என்னும் பெறுமானம் எடுத்துக்கொள்ளப்படவே மாட்டாது.

மூன்றாவது * ஐ விட்டுவிடுவதும், கடைசியில் 20.0 என எழுதுவதும் இவ்வினாவில் புள்ளியை இழக்கச் செய்யும் இரு தவறுகள்.

இதே வினாவின் தொடர்ச்சியாக, வரி 8 இல் வழுவின் பெயரை நீக்கி எல்லா விதிவிலக்குகளையும் பிடிக்குமாறு மாற்றினால் என்ன நிகழும் எனக் கேட்கப்படலாம். அப்பொழுது -2 இற்கும் “பங்கிட இயலாது” என அச்சிடப்படும். செய்நிரல் நில்லாது சென்று 20.0 ஐயும், தொடர்ந்து * ஐயும் தரும். மாற்றம் பொருத்தமானதா என்றும் கேட்டால், வெறுமனே ஆம் அல்லது இல்லை என எழுதாமல் காரணத்தை எழுதுக: 0 பேர் என்பது உண்மையிலேயே நேரக்கூடிய நிலை, -2 பேர் என்பது தரவு எங்கோ பழுதடைந்துவிட்டது என்பதற்கான அறிகுறி. மாற்றத்தின் பின் இரண்டுக்கும் ஒரே செய்தி வருவதால், பழுதடைந்த தரவைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதைப் பயனர் அறிய வழியில்லை.